மணப்பெண் நடையின் பின்பாதி

வடக்குக் கடலில் கிடக்கும் எங்கள் யெல் தீவில் எவனும் ஒரு மெட்டைத் தானே கட்டியதாகச் சொல்ல மாட்டான். சொன்னால் தலைக்கனம் பிடித்தவன் என்று ஊர் பேசும். அதனால், "குன்றுக்குள்ள குள்ளப் பூதங்க வாசிச்சுதுங்க, கேட்டுட்டு வந்தேன்" என்று பூதங்களின் தலையில் கட்டிவிடுவான். மணப்பெண்ணைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகும்போது முன்னால் நடந்தபடி பிடிலில் வாசிக்க ஒரு நடைமெட்டைக் கொண்டுவந்தான் கிடியன். அவனும் அப்படித்தான் சொன்னான்.

அந்தக் கோடையில் ஆழ்கடலுக்குப் போன அவன் படகு திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. தம்பி ராஸ்மிக்கு மிஞ்சியது அந்த மெட்டு ஒன்றுதான். அது அண்ணன் கட்டியதா, எங்கோ கேட்டதா என்ற கேள்வி அவனைப் பிடித்து ஆட்டியது. சந்தை, கல்யாணம், துறைமுகம் என்று கண்ட இடத்திலெல்லாம் வாசித்துக் காட்டி, "இத முன்னாடி எங்கயாவது கேட்டிருக்கீங்களா?" என்பான்.

"மெட்டுக்கு அப்பன் தேடுற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்பாள் அவன் மனைவி ஒஸ்லா. "மழ வீட்டுக்குள்ள பெய்யுது. மொதல்ல கூர வேய ஆளத் தேடுங்க."

"அது அண்ணனோடதுன்னு தெரிஞ்சாப் போதும்டி. அவருக்கு ஒரு கல்லறகூட இல்லையே."

அவள் எழுந்து ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டியை வைத்தாள்.

ஹெர்ரிங் மீன் பருவத்தில் ஒரு நார்வே படகு வந்தது. ராஸ்மி வாசிக்கத் தொடங்கியதுமே அதன் சமையற்காரர் தோர்லெய்ஃப் சிரித்துவிட்டார். "அட, இது எங்க ஊரு மெட்டுப்பா! எங்க அத்த கல்யாணத்துல வாசிச்சாங்க." பிடிலை வாங்கி வாசித்தும் காட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு ராஸ்மியின் முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை. ஆனால் முன்பாதி முடிந்ததும் தோர்லெய்ஃப் நிறுத்திவிட்டார்.

"பின்பாதி?" என்றான் ராஸ்மி.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ஒருவேள இருக்கும். ஊருல பெரியவங்களக் கேட்டு அடுத்த தடவ சொல்றேன்."

அன்றிலிருந்து ராஸ்மி எந்தக் கல்யாணத்திலும் முன்பாதியை வாசிக்கவில்லை. அண்ணன் கட்டியதாக இருக்கக்கூடிய பின்பாதியையே திரும்பத் திரும்ப வாசித்தபடி நடந்தான். மணப்பெண்கள் முணுமுணுத்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பருவத்தில் அதே படகு வந்தது. தோர்லெய்ஃப் இறங்கியதும், "அந்தப் பிடில்காரர் எங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் ராஸ்மியின் வீட்டுக்கு ஓடினேன். ஒஸ்லா மட்டும் இருந்தாள்.

"படகோட பாயப் பாத்ததுமே குன்று மேல ஏறிட்டாரு" என்றாள். "படகு போனப்புறம் ஆளு அனுப்பச் சொன்னாரு. அந்த மனுஷன் என்ன சொன்னாருன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாதாம்."