இசக்கியக்கா தைத்த ராக்கெட் உறை

இசக்கியக்கா இறந்துவிட்டார். நேற்று மத்தியானம், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே. ஹார்ட் அட்டாக்.

இன்று காலையில் மும்பை வடாலா ஸ்டேஷனில் நிற்கும்போது அவர் நம்பரிலிருந்து போன். நான் எடுக்கவில்லை. இரண்டு வருஷமாக என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்... இரண்டாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தேன். பேசியது அவர் மகள்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. ஆனால் எங்கள் கம்பெனி ராக்கெட் மேலே போன அன்று, எல்லாருக்கும் நன்றி சொல்லி நான் போட்ட போஸ்டுக்கு அத்தனை பேரும் லைக் போட்டீர்கள். அதில் ஒரு பெயரை விட்டுவிட்டேன். மறந்து அல்ல.

சின்ன ராக்கெட்தான். எடை குறைந்த குட்டி சாட்டிலைட்களை மட்டும் கொண்டுபோவது. அதில் என் வேலை இன்னும் சின்னது. என்ஜின் பக்கத்தில் ஓடும் கேபிள்கள் சூட்டில் கருகாமல் இருக்க, அவற்றுக்குத் துணி உறை டிசைன் செய்வது.

சூடு தாங்கும் தடித்த துணி. நாலு பீஸ் தைக்கப் பெரிய கம்பெனி எதுவும் வரவில்லை. தாராவியில் வெல்டர்களுக்குத் தோல் கையுறை தைக்கும் ஒரு அம்மா இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். தாராவி எங்களுக்கு நடக்கிற தூரம். ராக்கெட்டுக்காகத்தான் முதல் தடவையாக உள்ளே போனேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா டிராயிங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நான் வாங்கி நேராக்கிக் கொடுத்தேன்.

"ஏன், மேல போனப்பொறவு எது தல எது காலுன்னு ராக்கெட்டுக்குத் தெரியுமாக்கும்?"

முதல் பீஸின் ஓரத்தில் சாக்பீஸால் பிள்ளையார் சுழி போட்டார். தூள் ஒட்டக் கூடாது, துடையுங்கள் என்றேன். துடைத்தார். அடுத்த தடவை போனபோது சுழி மெஷின் மேல் இருந்தது. "இது ஒங்க டிராயிங்ல வராதுல்லா?" என்று சிரித்தார்.

அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு வந்தது.

எரியும்போது என்ஜின் லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பும். கூடவே உறையும் மடங்கும். சரியாக அந்த மடிப்பு மேலேயே தையல் வருகிற மாதிரி நான் வரைந்திருந்தேன். வெளியிலிருந்து பார்த்து செக் பண்ண வசதி என்று.

அக்கா உறையைக் கையில் வைத்து நாலு தடவை மடக்கினார்.

"இங்க பாரும்மா, மடிப்பு மேல ஊசி எறக்கப்படாது. வரிசையா ஓட்ட விழும்லா, அது வழியாவே கிழிஞ்சிரும். கையுறையில வெரல் மடங்குத எடத்துல யாராச்சும் தைப்பாவளா? ரெண்டு வெரக்கட தள்ளித் தைக்கேன்."

"நீங்க சொல்றது புரியறது அக்கா. ஆனா டிராயிங் அப்ரூவ் ஆயிடுத்து. மாத்தினா மறுபடி எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கணும். இதுல இருக்கறபடியே தைச்சுடுங்கோ."

"ராக்கெட்டு ஒங்களது. தைக்கேன்."

டெஸ்டில் என்ஜின் சில விநாடிதான் எரிந்தது. உறை கிழிந்து, கேபிள் கருகி, எல்லாம் நின்றுபோனது.

கிழிந்த உறையை முதலில் கையில் எடுத்தவள் நான். ஊசி ஓட்டை வழியாகவே, தபால் தலையைக் கிழித்த மாதிரி நேராக...

ரிப்போர்ட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. "தையல் வேலையில் குறை" என்று எழுதினேன். டிசைன் தப்பு என்று எழுதினால் என் பெயர் வரும். அப்போது நான் பிரமோஷன் லிஸ்டில் இருந்தேன். அதுதான் காரணம். வேறு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

தையல் குறையால் உறை கிழிந்துவிட்டது, இனி வேலை கிடையாது என்று கம்பெனியிலிருந்து அவருக்கு லெட்டர் போனது. அன்றே போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"யம்மா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. எங்க கிழிஞ்சிச்சி? மடிப்புலயா, வேற எடத்துலயா? வேற எடம்னா என் கை தப்பு. எனக்குத் தெரியணும்லா."

"அதெல்லாம் வெளில சொல்லக்கூடாது அக்கா. கான்ஃபிடென்ஷியல்."

"சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

நான் டிராயிங்கை மாற்றினேன். இரண்டு விரற்கடை தள்ளி. எல்லாரிடமும் கையெழுத்து வாங்க அரை நாள்கூட ஆகவில்லை. தாணேயில் வேறு ஒருவர் தைத்தார். ராக்கெட் போனது, கேபிள்கள் கடைசி வரை வேலை செய்தன. மீட்டிங்கில் அந்த மாற்றத்துக்காக எனக்குக் கைதட்டினார்கள். சிரித்துக்கொண்டு நின்றேன்.

போய்ச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை கிளம்பினேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே போயிற்று.

காலையில் மகள் சொன்னாள்: "ராக்கெட் போன அன்னிக்கு அம்மா மொபைல்ல லைவ் பாத்தா மேடம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, 'இதுல நீ தைச்சது இருக்கா'ன்னு கேட்டாங்க. 'நஹீ நஹீ, நான் தைச்சது கிழிஞ்சிட்டு'ன்னா. அந்த லெட்டர் வந்ததுலேர்ந்தே எந்தக் கையுறைய தைச்சாலும் ரெண்டு தடவ இழுத்து இழுத்துப் பாப்பா. முன்னாடில்லாம் அப்பிடிப் பாக்க மாட்டா."

முப்பது வருஷம் மெஷினில் உட்கார்ந்த கை அது. அதைச் சந்தேகப்பட வைத்தவள் நான்.

இதை ஆபீஸில் இருப்பவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

அக்கா, மடிப்புலதான் கிழிஞ்சுது. உங்க கையில தப்பே இல்லை.

போயிட்டு வாங்கோ.