ஆளுக்கொரு சுற்று

எண்பதுகளின் கடைசியில், விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கிய புதிதில், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த தங்கை வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பினேன். மரக்காணத்தில் அவர் வீட்டு மாடியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு வேண்டிய பெட்ரோல், அதற்கு மேல் அரை மணி நேரக் கையிருப்பு. இறக்கைக்கு ஒன்றாக இருந்த இரண்டு டாங்க்கிலும் குச்சி விட்டுப் பார்த்துத்தான் ஏறினேன். அதுவரை நான் புத்திசாலி.

என்ஜின் ஒரு சமயத்தில் ஒரு டாங்க்கிலிருந்துதான் குடிக்கும். அரை மணிக்கொரு தடவை, டாங்க்கை மாற்றும் திருகை நாம்தான் திருப்ப வேண்டும். வழியில் வலதிலிருந்து இடதுக்கு ஒழுங்காக மாற்றினேன்.

மாடியில் அவர் அம்மா, போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை ஆட்டினார். பக்கத்து சீட்டிலிருந்து அவர் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், மாமி வீட்டையும் ஒரு சுத்து சுத்திடுங்க. இல்லன்னா கல்யாணத்துக்குக் கூப்பிடாத மாதிரி மூஞ்ச தூக்கி வச்சிப்பாங்க."

மாமிக்குச் சுற்றினால் பெரியப்பாவுக்கும் சுற்ற வேண்டும். பெரியப்பாவுக்குச் சுற்றினால் அவரோடு பேசாத தம்பிக்கும், அதுவும் அதே உயரத்தில். கையசைத்த மும்முரத்தில் திருகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

உப்பளத்துக்கு மேலே என்ஜின் இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் காற்றின் சத்தம் மட்டும்தான்.

"ஏன் மச்சான் ஆஃப் பண்ணிட்டீங்க?"

"சும்மாதான்... கொஞ்சம் அமைதியா இருக்கட்டுமேன்னு."

மூக்கைத் தாழ்த்தி, இறங்க இடம் தேடினேன். பாத்திக்குப் பாத்தி வரப்பு. சக்கரம் தட்டினால் குட்டிக்கரணம்தான். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் உற்சாகமாகக் கையாட்டினார்கள். ஓதலாம் என்று வாயைத் திறந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் ஓதுவதுதான் வந்தது.

கை மட்டும் தன்பாட்டுக்குத் திருகை வலதுக்குத் தள்ளி, பம்ப் சுவிட்சைப் போட்டது. அது கையின் சொந்த யோசனை; எனக்குச் சம்பந்தமில்லை. உப்புக் குவியல்களைத் தனித்தனியாக எண்ணும் உயரத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

கணக்குப் போட்டது அப்புறம்தான். இடது காலி. வலதில் பாதிக்கு மேல் வரும்போதே குடித்தாயிற்று. பெட்ரோல் முள் ஏதோ காட்டியது. அந்த முள்ளை யார் நம்புவது?

"மச்சான், சின்னம்மா வீடு பாக்கி."

"சின்னம்மாவுக்கு நடந்து போய் சலாம் சொல்லுங்க!"

சென்னைப் பக்கம் திருப்பவில்லை. கிட்டத்திலிருந்த புதுச்சேரி ஓடுதளத்தில் இறங்கினேன். வலது டாங்க்கில் குச்சியை விட்டால் நுனி மட்டும் நனைந்தது.

தங்கை வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மெட்ராசுக்கே போயிருக்கலாமோ?"

"தாராளமா. கோவளம் வரைக்கும் பறந்திருக்கலாம். அங்கேர்ந்து நீங்க இறங்கித் தள்ளியிருக்கணும்."

அவர் குச்சியின் ஈர நுனியை இன்னொரு தடவை பார்த்தார். இறக்கை நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும்தான்.