மூன்றாம் பாரம் முந்திக்கொண்ட கதை

பைண்டிங் பட்டறையில் அவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக மடிப்பு மேசை அவளுடையது. அச்சகத்திலிருந்து வருகிற பெரிய தாளை மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசையாக அடுக்கித் தையலுக்கு அனுப்புவதோடு அவள் வேலை முடியும்.

மற்றவர்கள் மடிப்பார்கள். அவள் முதலில் விரித்துப் பார்ப்பாள். மடிக்காத தாளில் முதல் பக்கத்துக்கு அடுத்த வீடு பதினாறாம் பக்கம். எட்டாம் பக்கம் தலைகீழாகத் தொங்கும். பாதிக் கதை காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இது எப்படி நேராகும் என்று யோசித்துக்கொண்டே மடிப்பாள். அவளுக்கு அந்த வேலையில் கிடைத்த ருசி அது ஒன்றுதான். அதை எந்த முதலாளியும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது.

அந்த வாரம் வந்தது குழந்தைகள் படப் புத்தகம். பேஸ்பால் விளையாடும் ஒரு சிறுமியின் கதை, மூன்று பாரம். முதல் பாரத்தில் அணியில் சேர்கிறாள். இரண்டாவதில் பதினொரு தடவை பந்தைத் தவறவிட்டு, தனியாக ஒரு சுவரில் பந்தை எறிந்து எறிந்து பழகுகிறாள். மூன்றாவதில் அடிக்கிறாள், எல்லோரும் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். விடாமுயற்சி வெற்றி தரும் என்று கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்து.

பட்டறையில் ஒருவரும் பேஸ்பாலைக் கண்ணால் கண்டதில்லை. பஸ் ஓட்டும் கணவனிடம் வீட்டில் கேட்டாள்.

"அடிச்சா ஓடணும். அவ்வளவுதான்."

"எங்கே ஓடணும்?"

"நாலு மூலையைச் சுத்திட்டுக் கிளம்பின இடத்துக்கே வரணும்."

"கிளம்பின இடத்துக்கே வர்றதுக்கு எதுக்கு ஓடணும்?"

"நானும் இருபது வருஷமா பஸ்ஸை அப்படித்தான் ஓட்டுறேன். சோத்தைப் போடு."

மறுநாள் பட்டறையில் பாரம் தைக்கிற தையல்காரம்மாவிடம் போய் நின்றாள். மூன்றாம் பாரக் கட்டைத் தூக்கிக்கொண்டே போயிருந்தாள்.

"இங்க பாருங்கம்மா, அடிக்கிறவளுக்குப் பின்னாடி ஒருத்தி மூஞ்சில கூண்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே, எதுக்கு?"

"கேள்வி கேக்குறவங்ககிட்டேருந்து தப்பிக்கத்தான். எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

சிரித்துக்கொண்டே திரும்பியவள் அந்தக் கட்டை இரண்டாம் பாரத்தின் இடத்தில் வைத்தாள். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் இருநூறு புத்தகம் தையல் முடிந்துவிட்டது.

மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு உண்டு. வரிசை சரியாக இருந்தால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். இருநூறு புத்தகத்திலும் படி உடைந்திருந்தது. நேராகத் தையல்காரம்மாவிடம் போனார்.

"கண்ணை எங்கே அடகு வச்சீங்க?"

"அவங்க இல்ல மேஸ்திரி. அடுக்கினது நான்," என்றாள் கேள்வியக்கா.

"படிச்சுக்கிட்டே அடுக்கினியா?"

"ஆமா."

"பிரிச்சுச் சரி பண்ணிட்டு நாளையிலிருந்து பேக்கிங்குக்குப் போ."

பேக்கிங் என்றால் பின்கட்டு. அங்கே புத்தகம் மூடித்தான் வரும், பழுப்புத் தாளுக்குள் போய்விடும். விரிப்பதற்கு ஒன்றும் கிடையாது. அவள் தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். தையல்காரம்மாவும் உட்கார்ந்து நூலறுத்துக் கொடுத்தாள். பிரிக்காத, அட்டை போடாத ஒன்றை மட்டும் மேஸ்திரி தன் ஆறு வயது மகளுக்கென்று பையில் போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் அவர் பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"என் பொண்ணு உசிரை வாங்குறா."

"என்னாச்சு?"

"அந்தப் புத்தகம்தான். கதைல வர்றவ நடுவுலயே ஜெயிச்சுடுறா. அப்புறம் பதினொரு தடவை விடுறா. கடைசில தனியா நின்னு சுவத்துல பந்து எறியுறா. அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்கு எறியுறான்னு கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பைண்டிங் தப்பும்மான்னேன். நம்ப மாட்டேங்குறா. தூக்கி வச்சு ஆடினவங்கல்லாம் எங்கே போனாங்கன்னு அடுத்த கேள்வி."

கேள்வியக்கா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள். ஜெயிப்பதற்காகத்தான் புத்தகத்துப் பெண் எறிகிறாள் என்று அவளும் நினைத்திருந்தாள். இப்போது அவளுக்கே மண்டை குடைந்தது.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "உன் மேசையில போட்ட ஆள் தாளைத் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. மை அப்பின தாள் நாப்பதை அப்படியே மடிச்சிருக்கான். நீயே வந்து தொலை. ஆனா படிக்காதே."

"படிக்காம மை அப்பினது எப்படி மேஸ்திரி தெரியும்?"

அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"சுவத்துல எறியுற படத்துல அவ மூஞ்சி எப்படி இருக்கு?"

"பாக்கலியே. நீதான் ஆயிரம் தடவை மடிச்சியே."

"எனக்கு ரெண்டு மாதிரியும் தெரியுது. அழற மாதிரியும் இருக்கு, சிரிக்கிற மாதிரியும் இருக்கு. பாப்பாவைக் கேட்டுட்டு வாங்க."

"அழுதா என்ன, சிரிச்சா என்ன?"

"என்ன மேஸ்திரி இப்படிக் கேக்குறீங்க? சிரிச்சுக்கிட்டே எறிஞ்சா அது வேற கதை இல்லையா?"