முன்சீட்டு ஜாமீன்

பிரேக் ஆயிலுக்கு ஓர் அசட்டு இனிப்பு வாசனை உண்டு. துணியில் பட்டால் கல்லில் எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் அது போகாது. எங்கள் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வாசனை அடுப்படிவரை வந்து சேர்ந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா வந்தால் கையிலிருக்கும் பொட்டலம் மேல் கண் போகும், எனக்கோ எங்கே ஒளியலாம் என்று கண் போகும். வாசனை தூக்கலாக இருந்தால் ஏதோ ஒரு வண்டிக்கு பிரேக் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். வேலை முடிந்தால் "டிரையல்" உண்டு, டிரையல் என்றால் முன்சீட்டில் நான் உண்டு.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் போளூர் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு அப்பா பட்டறை வைத்திருந்தார். தீபத்துக்கு ஆள் ஏற்றும் வேன், மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றும் லாரி என்று எதற்கு பிரேக் பிடிக்காவிட்டாலும் அவரிடம்தான் வரும். வேலை முடிந்ததும் டிரைவர் சந்தேகமாக, "நிக்குமா மேஸ்திரி?" என்று இழுப்பார். அப்பா அதற்கு வாயால் பதில் சொல்லமாட்டார். என்னைக் கூப்பிட்டு முன்சீட்டில் தூக்கி வைத்து, "எம் பொண்ணே ஏறுது பாரு, அப்புறம் இன்னா?" என்பார். அதற்குமேல் எந்த டிரைவரும் பேசியதில்லை.

பிறகு அவரும் ஏறிக்கொள்வார். ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து வண்டியை விரட்டச் சொல்லி, "இப்பப் போடு!" என்று கத்துவார். அந்த நேரத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மலை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல், அண்ணாமலையாரை மனசுக்குள் அலறி அழைப்பேன். வண்டி எப்போதும் நின்றுவிடும். என் பயம் மட்டும் நின்றதே இல்லை.

அம்மா எரிச்சலோடு சொல்லுவாள்: "ஊருல கீற வண்டிக்கெல்லாம் ஜாமீன் குடுக்க எம் பொண்ணுதான் கெடச்சாளா?" அப்பா சிரிப்பார். "அவளுக்கு தைரியம் ஜாஸ்திடி. உன்ன மாதிரியா?" அந்த ஒரு வார்த்தைதான் என் வாயை அடைத்தது. பயமாக இருக்கிறது என்று சொன்னால் அப்பா முகம் விழுந்துவிடுமே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

ஜவ்வாது மலைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஏழுமலை. அவருடைய பெட்ரோல் வேனின் பிரேக்கை மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துவிட்டதாக அப்பாவிடம் புலம்பினார். அப்பா எங்கோ உடைத்துப்போட்ட காரிலிருந்து ஒரு "பூஸ்டர்" வாங்கிவந்து அதில் பொருத்தினார். பார்க்க உருண்டையான தகர டப்பா போலிருக்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தைக் கொண்டு அது டிரைவரின் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்தும். ஏழுமலை பட்டறை வாசலிலேயே மிதித்துப் பார்த்துவிட்டு, "வெண்ண மாதிரி எறங்குது மேஸ்திரி!" என்று குழந்தை போலக் குதித்தார். மலை வண்டியாயிற்றே, மலையில்தான் டிரையல் பார்க்கவேண்டும் என்றார் அப்பா. மறுநாள் காலை இருவருக்கும் நடுவில் என்னை உட்காரவைத்துக் கிளம்பினார்கள்.

ஏறும்போது ஒன்றும் நடக்கவில்லை. மலைமேல் ஜமுனாமரத்தூரில் எனக்கு பன்னும் டீயும்கூடக் கிடைத்தது. இறக்கம் தொடங்கியதும் ஏழுமலை, அந்தக் காலத்து மலை டிரைவர்கள் எல்லோரும் செய்ததையே செய்தார்: பெட்ரோல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். அவருக்கு அது மூச்சு விடுவது போன்ற பழக்கம். அப்பாவும் ஏதோ யோசனையில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சல் அடங்கி, காற்றுச் சத்தமும் குருவிச் சத்தமும் கேட்டன. முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததிலும் பிடித்தது. அதற்கடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது ஏழுமலையின் தொடை விறைப்பதைப் பக்கத்திலிருந்த நான் உணர்ந்தேன்.

"கல்லு மாதிரி கீது மேஸ்திரி! எறங்க மாட்டுது!"

அவர் பெடல் மேல் எழுந்தே நின்றுவிட்டார். வண்டி வேகம் பிடித்தது. பள்ளத்து ஓரத்தில் நட்டிருந்த வெள்ளைக் கற்கள் எங்களை நோக்கி வந்தன. நான் கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை. சாகப்போகிறோம் என்பது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

அப்பாவின் ஒரு கை என் நெஞ்சைச் சீட்டோடு சேர்த்து அழுத்தியது. "சாவியத் திருப்புடா! இன்ஜினு ஓடாம பூஸ்டர் வேல செய்யாது! கியர் போடு!" அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை, அது பிரேக் மேஸ்திரியின் குரலே இல்லை. ஏழுமலை சாவியைத் திருப்பி, கியரைக் குத்தினார். வண்டி தூக்கிப்போட்டு, இருமி, இன்ஜின் உறுமியது. பெடல் மெல்ல இறங்கியது. வெள்ளைக் கல்லொன்றை உரசிக்கொண்டு வண்டி நின்றது.

இன்ஜினை அணைத்தபின் டப்பாவில் மிச்சமிருந்த உறிஞ்சல் இரண்டு மிதிக்குத்தான் தாங்கியது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஏழுமலை ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். என் பாவாடை நனைந்திருந்தது. அப்பா அதைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். அந்தத் துண்டிலும் அதே இனிப்பு வாசனை. அவர் போட்ட முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்து, மூன்றாம் தடவைதான் நின்றது. "சொல்லாம வுட்டுட்டேனே" என்று மட்டும் முனகினார். அது ஏழுமலைக்கா எனக்கா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு லாரி டிரைவர் பட்டறையில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, பாப்பா வரலியா?" என்று கேட்டார். "பாப்பா வராது. நம்பிக்க இல்லன்னா வேற எடம் பாத்துக்க" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல். நான் மறைவுக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பட்டறை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. அப்பாவும் இல்லை. வண்டி நிற்குமா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, நிற்கும் என்றே எல்லோரும் ஏறுகிறார்கள். போன மாதம் தம்பி தன் பழைய காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிக்கொண்டு வந்து, "ஒரு ரவுண்டு போலாம் வாக்கா" என்றான். அவன் மகள் முன்சீட்டில் ஏறி, சீட்டின் இரண்டு ஓரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "எனக்குப் பயமே இல்ல அத்தை" என்றாள்.

நான் கதவைத் திறந்தேன். "நீ எறங்குடா கண்ணு. அத்தை ஏறிக்கிறேன்."

வண்டி கிளம்பியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.