மைக் செட் எட்வின் வாயை மூடிய கதை

மும்பை தாராவியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் எட்வினுக்குப் பேச்சு தொழில் மட்டுமல்ல, வியாதியும்கூட. கோயில் கொடையோ, மாதா திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, முதல் பேச்சாளர் அவர்தான். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று தொடங்கி, காணாமல்போன செருப்பு முதல் தண்ணீர் வராத சந்துகள் வரை சொல்லி முடித்த பிறகே மைக் அடுத்தவர் கைக்குப் போகும்.

இப்பேர்ப்பட்டவருக்கு முப்பத்தாறாவது வயதில் ஸ்டெர்லின் பிறந்தான். மறுவாரமே அவனுக்கு நேரடி வர்ணனை ஆரம்பமாயிற்று.

"ஏலே மக்கா, அன்னா பாரு, தாஹிர் மாமா ஆட்டுத்தோலக் காயப்போடுதாரு, மூக்கப் பொத்திக்க. இன்னா இட்லிக்காரரு சைக்கிளு வருது. குண்டாவுல எத்தன இட்லி இருக்கும், சொல்லு பாப்போம்?"

தோளில் கிடந்த கைக்குழந்தை பதில் சொல்லாததை அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டு வயதில் பதில் வரத் தொடங்கியது, அப்புறம் நிற்கவில்லை.

"ஒரு மைக்கையே தாங்க முடியல. இப்ப ஸ்டீரியோவா?" என்றாள் பக்கத்து வீட்டு முருகம்மாள்.

விபரீதம் நர்சரி சேர்க்கையின்போது நேர்ந்தது. தலைமை ஆசிரியை ஆப்பிள் படத்தைக் காட்ட, ஸ்டெர்லின் அவரைப் பார்த்து, "ஏலே, இதத் திங்கவா?" என்றான். என்ன சொல்கிறான் என்று அவர் கேட்டார். எட்வின் பெருமையோடு இந்தியில் மொழிபெயர்த்தார். இடம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வீட்டில் தமிழ் கூடாது, பிள்ளை குழம்பிவிடும்; ஆங்கிலம் மட்டும். அச்சடித்த தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார்கள்.

இந்தியக் குடியரசுக்கு அதன் வரலாற்றில் இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள குடிமகன் கிடைத்ததில்லை. மனைவி ஜெபா தாளைக் கதவின் உட்புறம் ஒட்டினாள். எட்வின் தன்னிடமிருந்த ஆங்கிலத்தைத் திரட்டிப் பார்த்தார். ஒயர், ஆம்ப்ளிஃபையர், பல்பு வகையறாக்களைக் கழித்தால், பிள்ளையிடம் சொல்லத்தக்கதாகத் தேறியவை கம், கோ, சிட், ஈட், ஷூ, வாட்டர், குட் பாய். வகுப்பறைச் சுவரில் பார்த்த 'நோ டாக்கிங்' கடைசியாக வந்து சேர்ந்தது. இவற்றைக் கொண்டு ஒரு தகப்பன் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

முதல் வாரம் ஸ்டெர்லின் மூச்சிரைக்க ஓடிவந்தான். "பப்பா! பூன குட்டி போட்டுருக்கு! நாலு!"

குட்டிகள் என்ன நிறம் என்று கேட்க எட்வினுக்கு நாக்கு துடித்தது. கதவில் அந்தத் தாள் தெரிந்தது. குனிந்து, மகன் உதட்டின் மேல் விரலை வைத்து, "நோ டாக்கிங்" என்றார்.

மறுநாள் வேறு செய்தி கொண்டுவந்தான், மறுபடி விரல். இப்படிக் கொஞ்ச நாள். பிறகு செய்தி வருவது நின்றது. அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளை சமர்த்தாக மூலையில் போய் உட்கார்ந்தான். சட்டம் வேலை செய்கிறது என்று எட்வின் நம்பினார். வீட்டில் பேச முடியாததையெல்லாம் மைக்கில் பேசித் தீர்த்தார். திருவிழாக் கமிட்டிகள் நொந்துபோயின.

ஒன்றரை வருடம் கழித்துப் பள்ளி கூப்பிட்டு அனுப்பியது. பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, எந்த மொழியிலும். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் காட்டச் சொன்னார்கள். அப்படித்தான் எட்வின் மகனோடு பெரிய ஆஸ்பத்திரியில் உமாமகேஸ்வரி முன்னால் போய் உட்கார்ந்தார். பக்கத்து மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடும்பத்து அம்மாள், தமிழிலேயே கேட்டார்.

"ஆத்துல இவனோட யார் நிறையப் பேசுவா?"

"யாருமே பேச மாட்டோம் மேடம். ரூல்ஸக் கரெக்டா ஃபாலோ பண்ணுதோம்." கதவிலிருந்து பிய்த்து வந்த தாளை, நற்சான்றிதழ் போல எடுத்து நீட்டினார்.

உமாமகேஸ்வரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு நன்னா வர்ற பாஷை எது?"

"தமிழுதான். மத்ததெல்லாம் ஒப்பேத்துறது."

"அப்போ அதுலதான் பேசணும். பார்க்கறதெல்லாம் சொல்லுங்கோ. கேள்வி கேளுங்கோ, பதில் வர்ற வரைக்கும் காத்துண்டிருங்கோ. எழுத்து, படிப்பு, இங்கிலீஷ் எல்லாம் அதுக்கு மேலதான் வந்து உட்காரும். பொறந்ததுலேருந்தே இப்படிப் பேசாமலா இருந்தேள்?"

"முன்னால பேசிட்டுத்தான் இருந்தேன் மேடம்" என்றார் எட்வின். மைக் இல்லாமலே மைதானத்துக்குக் கேட்கும் அந்தக் குரல் மேசையைத் தாண்டவில்லை.

திரும்பும்போது மகனைத் தோளில் தூக்கிக்கொண்டார். கனத்திருந்தான். அறுபதடி ரோட்டில் பஸ், ஆட்டோ, கரும்புச் சாறு வண்டி எல்லாம் வர்ணனைக்காகக் காத்து நின்றன. எட்வின் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏலே மக்கா... அன்னைக்கிப் பூன நாலு குட்டி போட்டுச்சுன்னியே. அதெல்லாம் என்ன கலருலே?"

காத்திருந்தார். மேலிருந்து ஒரு சின்னக் கை இறங்கி அவர் வாயைப் பொத்தியது.

"நோ டாக்கிங், பப்பா."

விரலிடுக்கு வழியாக இன்னும் ஏதோ சொல்லிப் பார்த்தார். கை இன்னும் இறுகியது. வீடு வரும்வரை எடுக்கவில்லை.

ஜெபா வாசலிலேயே நின்றிருந்தாள். "பேசுனானா?"

"பேசுனாம்ட்டி. இங்கிலீஷுல. முழுசா ஒரு வரி."

"ஏசுவே!" என்று கத்திக்கொண்டு ஜெபா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். முருகம்மாள் ஈரக் கையோடு வந்தாள். "அப்பிடி என்னதான் சொன்னான்? சொல்லுங்க அண்ணாச்சி, கேப்போம்."

இரண்டு பெண்களும் எட்வினின் வாயையே பார்த்து நின்றார்கள். மூலையில் போய் உட்கார்ந்திருந்த ஸ்டெர்லினும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.