வெல்டர் சண்முகம் எழுதிய கதைகள்

செவ்வாய்க்கிழமை காலை சண்முகம் அண்ணனின் மகள் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா தவறிட்டாருங்க" என்றாள்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் வெல்டர். நான் அலுவலக எழுத்தர். அவர் மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு, பாதி கட்டிய லாரியின் கேபினில் ஏறி உட்கார்ந்து சிறுகதை எழுதுவார். பகலில் வீடு பூட்டியிருக்கும் என்பதால் பத்திரிகைகளுக்குப் பட்டறை முகவரியைத்தான் கொடுத்திருந்தார். அனுப்பிய கதைகள், அவரே தபால்தலை ஒட்டி இணைத்த உறையில், என் மேசைக்குத் திரும்பி வரும். எட்டு ஆண்டுகளாக ஒன்றுகூட அச்சேறவில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்திலும் ஓர் உறை வந்தது. இந்த நேரத்தில் இதை எப்படிக் கொடுப்பது என்று இழுப்பறையில் ஒளித்துவைத்தேன். அண்ணி தேறி வீடு திரும்பிய பிறகும் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த சண்முகம், பத்திரிகைக்கு விசாரித்து எழுதினார். கதையை எப்போதோ திருப்பி அனுப்பிவிட்டதாக அஞ்சலட்டை வந்தது. அதையும் மறைக்க எனக்குத் துணிவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் கோபப்படவில்லை. உறையைப் பிரித்துப் பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க பாய். ஆனா என்கிட்ட இருக்கறது இந்த ஒரு பிரதிதானுங்க. இது கைக்கு வந்தாத்தானே இன்னொரு எடத்துக்கு அனுப்ப முடியும்?"

அன்றுதான் முதன்முறையாக அவர் கதையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். லாரி ஓட்டுநரின் மனைவி ஒருத்தி, மாதக்கணக்கில் வெளியூரில் இருந்த கணவன் திரும்பும் நாளில், வீட்டைப் பூட்டிவிட்டு வழக்கம்போல வேலைக்குப் போகிறாள். கடைசிப் பக்கம் வெறும் விளக்கமாக இருக்கிறது என்றேன். மறுநாளே அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு அனுப்பினார். மேலும் மூன்று இடங்களிலிருந்து திரும்பி, நான்காவதாக ஒரு சிற்றிதழில் வெளிவந்தது.

அதற்குப் பின்னும் உறைகள் திரும்புவது நிற்கவில்லை. "ஒண்ணு வந்துட்டா மத்ததுக்கெல்லாம் கதவு தொறந்துரும்னு நெனச்சனுங்க. அப்படியில்லீங்க பாய். ஒவ்வொரு கதையும் தனியாப் போய்த்தான் தட்டோணும்" என்றார். கண் மங்கி வேலையை விட்ட பிறகு, கவிதாவைத் தட்டச்சு செய்யச் சொல்லி மின்னஞ்சலில் அனுப்பிவந்தார். மொத்தம் ஏழு கதைகள் அச்சாயின. புத்தகம் வரவில்லை. அந்த வருத்தம் அவருக்கு இல்லை என்று நான் எழுதினால் பொய்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கச் சேலத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சண்முகத்தின் கதைகளை அதிகமாகத் திருப்பி அனுப்பிய ஆசிரியர் தாம்தான் என்றார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

"எங்க இடிக்குதுன்னு ஒரு வரி எழுதி அனுப்புவேன். அடுத்த கதையில அந்தத் தப்பு இருக்காது. புதுசா வேற ஒண்ணு இருக்கும். இன்னும் அச்சாகாதது எதாச்சும் இருக்காம்மா?"

கவிதா ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சிறிது நேரம் கழித்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் நினைவூட்டினேன். அடுத்ததில் போய்க்கொள்வதாகத் தலை நிமிராமலே கையசைத்தார்.

போய் வாருங்கள், அண்ணே. உங்கள் வாசல் பந்தலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒருவர் உங்கள் கதையின் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்.