வண்டி இல்லாத அட்மின்

பச்சையண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. மனைவி, மகளின் முதல் பிரசவத்துக்கென்று கடல் தாண்டிப் போனவள், கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அங்கேயே தங்கிவிட்டாள். அந்தக் குழந்தை ஓட ஆரம்பித்த நேரம் பார்த்து மகள் மறுபடியும் உண்டாகிவிட்டாள். மனைவி இங்கே இருந்தபோதும் 'என்னங்க'தான் என்பதால், பெயர் விஷயத்தில் அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. வீடுதான் ஓவென்று கிடந்தது.

வேலை, ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில். ஆப்பிள் ஓர் அறை, உறைந்த மீன் ஓர் அறை, ஐஸ்கிரீம் ஓர் அறை. கனமான கோட்டை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போய் எந்த அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்துவர வேண்டும். உள்ளே போனால் போன் செத்துவிடும். அதனால் ஒவ்வோர் அறைக்கும் நடுவே தாழ்வாரத்துக்கு வந்து, கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, போனைப் பார்ப்பார். வேலையில் அவர் பேசும் பேச்செல்லாம் அந்தத் தாழ்வாரத்தில்தான், அந்தப் போனில்தான், சின்ன ஜீப் வைத்திருப்பவர்களின் குழுவில்தான்.

அந்தக் குழுவில் ஆளை ஆளின் பெயரால் கூப்பிடுவதில்லை. சிவப்பு ஜீப் வைத்திருப்பவர் சிவப்பு. கூரை பிய்ந்த ஜீப்காரர் மொட்டை. இவருடையது பாசிப் பச்சை நிறம், வயதிலும் மூத்தவர், ஆகவே பச்சையண்ணன். அவரும் ஒரு பேக்கரிக்காரரும் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. அதற்கு முன்னால் இருவரும் பெரிய வண்டிக்காரர்களின் குழு ஒன்றில் சேரப் போனார்கள். "பொம்மை வண்டிக்கெல்லாம் இடமில்லை" என்று சொல்லி அவர்கள் சிரித்துவிட்டார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்று இரண்டே பேராய்த் தொடங்கியதுதான், பிறகு ஊரெங்கும் ஆள் சேர்ந்துவிட்டது.

விதிகளை எழுதியவர் பச்சையண்ணன். முதல் விதி, இரண்டாவது வண்டி துணைக்கு இல்லாமல் யாரும் சேற்றில் இறங்கக் கூடாது. ஒன்று மாட்டினால் இன்னொன்று கயிறு கட்டி இழுக்க வேண்டுமே. அடுத்த விதி, வண்டி உள்ளவருக்கே இடம்; விற்றவர் வெளியேற வேண்டும். தரகர்கள் உள்ளே புகுந்து குழுவைச் சந்தைக்கடை ஆக்கிய காலத்தில் போட்ட விதி அது. அதில் அவர் யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்த்ததில்லை. சேர வருகிறவர்கள் வண்டியின் போட்டோவை அவருக்கு அனுப்புவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் சேர்ப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் எட்டு மாதமாக வண்டி இல்லை.

முதுகுத்தண்டில் ஒரு வட்டு விலகிவிட்டது. இனி மேடு பள்ளத்தில் குலுங்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். மனைவியும் கடலுக்கு அப்பாலிருந்து அழுதாள். பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில் ஜீப்பை விட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தார். அன்றே குழுவில் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். சொன்னால் விதிப்படி வெளியே போக வேண்டும். போனால் இந்தப் போன் அடங்கிவிடும். அதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்புறம் என்ன, பொய்க்கு மேல் பொய். எல்லோரும் கூடும் நாட்களில் கிளச் சரியில்லை, சொந்தக்காரர் வந்திருக்கிறார், கிடங்கில் ஆள் இல்லை என்று வாய் கூசாமல் ஒரு சாக்கு. ஞாயிறு மத்தியானம் மட்டும் தவறாமல் ஒரு கேள்வி போடுவார். தன் ஜீப் எங்கேயாவது மாட்டிக்கொண்ட பழைய போட்டோ ஒன்றைப் போட்டு, இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், அடித்துக்கொள்வார்கள், கடைசியில் அண்ணன் தீர்ப்புச் சொல்வார். பச்சை ஜீப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஊர் நம்பியது.

இப்படி இருக்கையில் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன், தோட்டந்தோட்டமாகப் போக வேண்டிய வேலை, ஊரில் யாரையும் தெரியாது, இந்தக் குழுவைத் தேடிக் கண்டுபிடிக்கவே ரொம்ப நாள் ஆகிவிட்டது, துணை வண்டி இல்லாமல் மண் பாதையில் இறங்கப் பயமாக இருக்கிறது, தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு போட்டோ.

ஐஸ்கிரீம் அறைக்கு வெளியே நின்று அதைத் திறந்தவர், போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார். அவருடைய ஜீப்பேதான். வலது மட்கார்டில் அவர் வாங்கிய அடி, முன்னால் அவரே பற்றவைத்த கொக்கி, எல்லாம் அப்படியே இருந்தன. இவளைச் சேர்த்தால் அடுத்த நிமிஷம் குட்டு வெளிப்பட்டுவிடும். சேர்க்காமல் விட என்ன நியாயம் இருக்கிறது?

போட்டோ தெளிவாக இல்லை, வேறு அனுப்புங்கள் என்று பதில் போட்டார். அனுப்பினாள். பானெட்டைத் திறந்து எடுக்கச் சொன்னார். எடுத்தாள். மாட்டு டாக்டருக்கு இருக்கும் பொறுமை மனுஷ டாக்டருக்குக் கிடையாது போல. பின்பக்கம், ஸ்டீயரிங், கியர் கம்பி, கீழே குனிந்து அடிப்பாகம் என்று கேட்கக் கேட்க அனுப்பிக்கொண்டே இருந்தாள். முதலில் நாள் கடத்தத்தான் கேட்டார். பிறகு பார்த்தால், வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் அந்தப் போட்டோக்களைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். சீட்டு உறை புதிதாக இருந்தது. பரவாயில்லை, நல்ல ரசனை. ஆயிலும் மாற்றியிருக்கிறாள். சாப்பாடு ஆறிப்போகும். நாளைக்குச் சேர்த்துவிடலாம், இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் கேட்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அந்த ஞாயிறு மத்தியானம், கேட்காமலே ஒரு போட்டோ வந்தது. ஓடை நடுவில் ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சக்கரத்தில் பாதிக்குத் தண்ணீர். கீழே எழுதியிருந்தாள்: 'சார், இந்த போட்டோ போதுமா? பக்கத்துல யாராவது இருந்தா அனுப்புங்க.' எந்த இடம் என்பதும் இருந்தது. தோட்டத்தில் ஒரு மாடு கன்று ஈன முடியாமல் கிடந்திருக்கிறது. துணை வண்டிக்கு எங்கே போவாள்? தனியாகப் போய்விட்டாள். கன்றை எடுத்துவிட்டுத் திரும்பும்போது மலையில் மழை பிடித்து, ஓடை பெருக ஆரம்பித்துவிட்டது.

பச்சையண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தான் செய்த வேலை என்னவென்று அப்போதுதான் உறைத்தது. போட்டோவை அப்படியே குழுவில் போட்டார். அதற்கு மேல் எழுதுவதற்குள் பதில்கள் வந்து குவிந்தன. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்றார் சிவப்பு. இல்லை, சக்கரத்துக்கு அடியில் கல்லை அடுக்க வேண்டும் என்றார் மொட்டை. இன்றைய கேள்வி ரொம்பச் சுலபம் என்றார் இன்னொருவர். ஞாயிறு, மத்தியானம், பச்சை ஜீப். அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

கேள்வி இல்லை, நிஜம், உடனே யாராவது ஓடைக்குப் போங்கள் என்று எழுதினார். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. பச்சையே மாட்டிக்கொண்டால் நாங்களெல்லாம் வண்டியை மூடி வைத்துவிட வேண்டியதுதான் என்று ஒருவர் கிண்டலடித்தார். பேக்கரிக்காரருக்குப் போன் போட்டார். அவரும் சிரிப்பை அடக்க முடியாமல்தான் எடுத்தார்.

"அண்ணே, ஓடையில மாட்டிக்கிட்டுப் பேசறவருக்குப் பின்னாடி ஃபேன் சத்தம் கேக்குமா? வீட்லதானே இருக்கீங்க?"

மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

"வீட்லதான் இருக்கேன். அது என் வண்டி இல்ல. வித்து எட்டு மாசம் ஆச்சு. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். உள்ள இருக்கறது ஒரு பொண்ணு. தண்ணி ஏறுது. என்னை அப்புறம் திட்டிக்கலாம், இப்ப கிளம்புங்க."

எந்த ஓடை என்று மட்டும் கேட்டார் பேக்கரிக்காரர். இடத்தைச் சொல்லிவிட்டு, அவரிடம் ஒப்புக்கொண்டதையே பச்சையண்ணன் குழுவிலும் வாயால் பேசி அனுப்பினார். சிரிப்புப் பொம்மைகள் நின்றுபோயின. கிளம்பிவிட்டேன், கிளம்பிவிட்டேன் என்று ஒவ்வொருவராய் எழுத ஆரம்பித்தார்கள்.

அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். ஆள் வருகிறார்கள், அதுவரை வண்டியில் இருக்க வேண்டாம், இறங்கிக் கரை ஏறிவிடுங்கள் என்றார். அவளுக்கு மனசு வரவில்லை. இன்ஜினை அணைக்காமல் வைத்திருக்கிறேன், கொஞ்சம் முறுக்கினால் வந்துவிடும் போலிருக்கிறது, விட்டுவிட்டுப் போனால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுமே என்று அழுதாள். முதன்முதலாகத் தன் காசில் வாங்கிய வண்டி. மரியாதையெல்லாம் பறந்துவிட்டது அவருக்கு.

"போனா போகட்டும். அது வெறும் இரும்பு. நீ ஏறும்மா முதல்ல."

அது வெறும் இரும்பு என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நன்றாகத் தெரிந்த கிறீச். தண்ணீரில் கால் வைக்கும் சத்தம், மூச்சிரைப்பு, பிறகு கரையேறிவிட்டேன் என்ற குரல். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இணைப்பைத் துண்டிக்காமல் ஏதேதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடு எப்படி இருக்கிறது, கன்று காளையா கிடாரியா என்றெல்லாம் கேட்டார். தூரத்தில் இன்ஜின்கள் உறுமின. எது சிவப்பு, எது பேக்கரி என்று சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்தது. கயிறு எங்கே என்று யாரோ கத்தினார்கள். வந்துவிட்டார்கள் சார், வைத்துவிடுகிறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

வெயில் சாயும்போது குழுவில் போட்டோ வந்தது. ஜீப் கரையில் நின்றது. சுற்றிலும் தலை முதல் கால் வரை சேறு பூசிய மனிதர்கள், நடுவில் போர்வை போர்த்திய பெண். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பத்திரமாக எடுத்துவிட்டோம் அண்ணே என்று பேக்கரிக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார். பச்சையண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமாவது பட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அதற்குப் பதில் சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கும். அவர்களுக்குச் சேறு இருந்தது, ஈரம் இருந்தது, சொல்லிச் சொல்லிச் சிரிக்க அன்றைய கதை இருந்தது. இவரைப் போய் யார் நினைப்பார்கள்?

அந்தப் பெண்ணைக் குழுவில் சேர்த்தார். அட்மின் பொறுப்பைப் பேக்கரிக்காரர் பேருக்கு மாற்றினார். மன்னிக்கணும் என்று எழுதிவிட்டு, பதில் வரக் காத்திருக்காமல் வெளியேறினார். போனை மேசையில் மல்லாத்தி வைத்து அதன் எதிரில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. சமையலறைக்குப் போய் வந்தார். அப்போதும் கூப்பிடவில்லை.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. அவள்தான். குளித்துவிட்டேன், சளி மட்டும் பிடிக்கும்போல் இருக்கிறது, ரொம்ப நன்றி என்றாள். பிறகு சற்றுத் தயங்கினாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். அது உங்க வண்டின்னு அவங்க சொன்னாங்க. பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அப்புறம் ஏன் அத்தனை போட்டோ கேட்டீங்க?"

விதி என்று சொல்லியிருக்கலாம். சரிபார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாதப் பழக்கத்தில் பொய் நுனி நாக்கில்தான் இருந்தது.

"பார்த்துக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சும்மா."

"இதைச் சொல்லியிருந்தா நானே தினம் அனுப்பியிருப்பேனே சார்" என்றாள் அவள்.

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். போனில் சார்ஜ் இல்லை என்று இன்னொரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டு, விளக்குக்கூடப் போடாமல், சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.